முதல் நோன்பு வைக்கப் போகிறவருக்கு

"பச்சைத் தண்ணி பல்லுல படாம" என்று நம் வீடுகளில் கந்த சஷ்டிக்கும் ஏகாதசிக்கும் சொல்வது பெரும்பாலும் பேச்சளவுதான். அந்த விரதங்களில் பால் உண்டு, பழம் உண்டு, துளசித் தீர்த்தம் உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒரு வேளையை விடும் புதுச்சேரி நெல்லித்தோப்புக் கிறிஸ்தவப் பங்கு வீடுகளிலும் தண்ணீருக்குத் தடையில்லை. ரமலான் நோன்பில்தான் அந்த வழக்கு எழுத்துக்கு எழுத்து உண்மையாகிறது. அதனால் விரதத்தில் கை தேர்ந்தவர்கள்கூட முதல் நோன்பில் தடுமாறுகிறார்கள். பசிக்குத் தயாராகி வருகிறார்கள். தாகம் வந்து கவிழ்த்துவிடுகிறது.

பிற சமயத்தார் ஒரு நாளோ, ஒரு வாரமோ, மாதம் முழுக்கவோ நோன்பு வைத்துப் பார்ப்பது புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் புதிதில்லை. கூட வேலை பார்க்கும் பாய்க்குத் துணையாக ஒருவர் வைப்பார், கல்லூரி விடுதியில் அறைத்தோழனோடு பந்தயம் கட்டி இன்னொருவர் வைப்பார். காரணம் எதுவானாலும் உடம்புக்குக் கணக்கு ஒன்றுதான். மாலை ஆறேகால் தொடங்கி விடிகாலை ஐந்து வரை, சுமார் பத்தே முக்கால் மணி நேரத்தில் என்ன குடித்தோம், என்ன தின்றோம், எவ்வளவு தூங்கினோம் என்பதுதான் அடுத்த பகலை நடத்துகிறது. மன உறுதிக்கு அதில் இருக்கும் பங்கு, தொடங்குவதற்கு முன் நினைப்பதைவிடக் குறைவு.

நேரம்

முதல் வேலை, பக்கத்துப் பள்ளிவாசலில் நோன்பு கால அட்டவணை வாங்குவது. ஒரே தாள்தான், துணிக்கடை, நகைக்கடை விளம்பரத்தோடு அச்சடித்து இலவசமாகத் தருவார்கள். பார்க்க வேண்டியவை இரண்டு பத்தி: சஹர் (விடியுமுன் சாப்பிடும் சாப்பாடு) முடிவு, இஃப்தார் (மாலையில் நோன்பு திறப்பது). சஹர் முடிவு என்பது சுபுஹு எனும் விடிகாலைத் தொழுகைப் பாங்குக்குச் சில நிமிடம் முன்னதாகவே போட்டிருக்கும். பாங்கு சொல்லி முடிக்கும் வரை குடித்துக்கொண்டிருக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். தாளில் உள்ள நிமிடத்தோடு நிறுத்துவதுதான் குழப்பமில்லாத வழி.

மார்ச் நடுவில் புதுச்சேரியில் சுபுஹு ஐந்து மணி தாண்டிச் சில நிமிடத்தில் வரும், சூரியன் 6.20 வாக்கில் மறையும். ஆக, நோன்பு பதின்மூன்றே கால் மணி நேரம். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் ஆண்டு முழுக்க இது பெரிதாக மாறாது: டிசம்பரில் பன்னிரண்டே முக்கால், ஜூனில் பதினாலே கால். ஐரோப்பாவில் கோடையில் பதினேழு, பதினெட்டு மணி நேரம் நோன்பு வைப்பவர்களை நினைத்தால் நம்முடையது லேசு. ஆனால் அவர்களுக்கு நம் புழுக்கம் கிடையாது.

இஸ்லாமியரின் ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள் என்பதால் ரமலான் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினோரு நாள் முன்னால் வரும். 2025-ல் தமிழ்நாட்டில் மார்ச் 2-ல் முதல் நோன்பு. அதே வாரம் 5-ஆம் தேதி தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன், அடுத்த வாரம் 12-ஆம் தேதி மாசி மகம். அதன் பிறகு ரமலான் பிப்ரவரிக்கும் ஜனவரிக்கும் நகர்ந்து, 2030-ல் ஆண்டின் தொடக்கத்தில் ஒன்று, கடைசியில் ஒன்று என இரண்டு ரமலான் வரும். புதிதாக முயல்கிறவர்களுக்கு இந்தச் சில ஆண்டுகள் வாய்ப்பானவை. கத்திரி வெயிலில் தொடங்கியவர்கள் பட்ட பாடு இதில் கிடையாது.

இன்னொன்று, தொலைக்காட்சியில் வரும் பாங்கைக் கேட்டு நோன்பு திறக்கக் கூடாது. அது சென்னை நேரம். சென்னை நமக்குச் சற்றுக் கிழக்கே இருக்கிறது. நோன்பு பிப்ரவரி, மார்ச்சில் வரும்போது அங்கே இரண்டு மூன்று நிமிடம் முன்பே சூரியன் மறைந்துவிடும். பதின்மூன்று மணி நேரம் தாங்கிவிட்டு இரண்டு நிமிடத்தில் கோட்டை விடுவது இப்படித்தான். கோயம்புத்தூர் நண்பர் அனுப்பிய அட்டவணையும் உதவாது. அவர்களுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் தாமதம். கடற்கரைச் சாலையில் நின்று கண்ணால் பார்த்துத் திறக்கலாம் என்றால் அதுவும் நடக்காது. நம் கடல் கிழக்கே. சூரியன் ஊருக்குள், கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கும். தாள்தான் கதி.

எது கூடும், எது கூடாது

சஹர் முடிவிலிருந்து, சூரியன் மறைந்ததும் சொல்லும் மஃரிப் பாங்கு வரை சாப்பாடு, தண்ணீர், பீடி சிகரெட், புகையிலை, தாம்பத்தியம் எதுவும் கிடையாது. எச்சில் விழுங்கலாம். குளிக்கலாம், வாய் கொப்பளிக்கலாம். தொண்டைக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பல் துலக்குவதைச் சஹர் முடிவதற்குள் முடித்துவிட்டால் பற்பசை பற்றிய கவலை மிச்சம். மறதியாக ஒரு வாய் காபி குடித்துவிட்டால் நோன்பு முறிவதில்லை, நினைவு வந்ததும் நிறுத்திவிட்டுத் தொடரலாம் என்பது இஸ்லாமியச் சட்டம். நோன்பு வைத்து உலை வைக்கும் பெண்கள் உப்புப் பார்க்க நுனி நாக்கில் தொட்டுத் துப்பிவிடுவார்கள். பெரும்பாலான வீடுகளில் நோன்பு வைக்காத பொடிசு ஒன்றைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வார்கள்.

"தண்ணி மட்டும் குடிச்சிக்கிறேன்" என்று தானே ஒரு விதி போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. ஒத்திகைக்கு அது நல்லதுதான், ஆனால் அதை நோன்பு என்று பாயிடம் சொல்லக் கூடாது. அவருக்கு இது ஐந்து கடமைகளில் ஒன்று, இறைவணக்கம். நமக்கு முயற்சி. இந்த வேறுபாட்டை மறக்காதவரை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

யாருக்கு நோன்பு கட்டாயமில்லை என்பதைச் சட்டமே சொல்லியிருக்கிறது. நோயாளி, பயணி, கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், தள்ளாத முதியவர், சிறுவர் ஆகியோருக்கு விலக்கு உண்டு. மாதவிலக்கு நாட்களில் பெண்கள் நோன்பு வைப்பதில்லை. பின்னால் அதைக் 'கழா'வாக நிறைவேற்றுவார்கள். கடமையாக வைக்கிறவர்களுக்கே இவ்வளவு சலுகை இருக்கும்போது, ஆசைக்கு வைக்கிறவர் அதைத் தாண்டி வீரம் காட்டத் தேவையில்லை. இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சிறுநீரகக் கோளாறு, குடல் புண், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. ரத்த அழுத்த மாத்திரையின் வேளையை நாமாக மாற்றுவதும் தப்பு. நீர் பிரிக்கும் மாத்திரையாக இருந்தால் பகல் முழுக்கத் தலைசுற்றும். மருத்துவர் அனுமதியோடு வைக்கும் சர்க்கரை நோயாளிகள், விரலில் குத்திப் பார்த்து 70-க்குக் கீழ் இறங்கினாலும் 300-க்கு மேல் ஏறினாலும் அந்த நிமிடமே நோன்பை முறித்துவிட வேண்டும். குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது.

பத்து நாள் முன்னால்: காபி

முதல் நோன்பில் மதியம் வரும் மண்டையிடியைப் பசித் தலைவலி என்று நினைப்பார்கள். பல நேரம் அது காபித் தலைவலி. கடைசிக் காபி உள்ளே போய்ப் பன்னிரண்டு மணி நேரம் தாண்டியதும் தொடங்கி, இரண்டு மூன்று நாள் விடாது. காலை டிகிரி காபி, பதினொரு மணி டீ, நாலு மணி டீ, ராத்திரி ஒன்று என்று போகிறவர் பத்து நாள் முன்னதாகவே மூன்று நாளைக்கு ஒன்றாகக் குறைக்க வேண்டும். முதலில் பதினொரு மணி டீ, பிறகு நாலு மணி, பிறகு காலைக் காபி. மிஞ்சும் ஒன்றை மாலை ஏழரை வாக்கில் வைத்துக்கொண்டால் நோன்பு மாதத்திலும் அதே இடத்தில் நிற்கும். அதற்கு மேல் தள்ளினால் தூக்கத்தைக் கெடுக்கும்.

பீடி சிகரெட்காரர்களுக்குப் பகல் ஒரு பாடு என்றால், திறந்தவுடன் இழுக்கும் முதல் சிகரெட் இன்னொரு பாடு. நாள் முழுக்க இல்லாத நிகோட்டின் காலி வயிற்றில் ஏறும்போது கண் இருட்டி, குமட்டிக்கொண்டு வரும். கஞ்சி குடித்து அரை மணி நேரமாவது போகட்டும். அந்த அரை மணியை ஒரு மணியாக்கி, அப்படியே விட்டவர்களும் இருக்கிறார்கள்.

சஹர்

புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு, சஹரை விட்டுவிட்டு ராத்திரி பதினொன்றுக்கு ஒரு பிடி பிடித்துப் படுத்துவிடுவது. அப்படிச் செய்தால் பதின்மூன்று மணி நேரம் பத்தொன்பதாகிவிடும். இரண்டாவது தப்பு, ஐந்துக்கு முடியும் சஹருக்கு நாலே முக்காலுக்கு அலாரம் வைப்பது. தூக்கக் கலக்கத்தில் நாலு வாய் சோறும் அவசரமாக ஒரு சொம்புத் தண்ணீரும்தான் உள்ளே போகும். நாலு பத்துக்கு எழுந்தால் சரியாக இருக்கும். முல்லா வீதிப் பக்கமோ பரங்கிப்பேட்டையிலோ குடியிருந்தால் அலாரமே வேண்டாம், பள்ளிவாசல் ஒலிபெருக்கி எழுப்பிவிடும். தாயிரா எனும் தோல் கருவியைத் தட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் பாடி எழுப்பும் பாவாக்கள் (பக்கீர்கள்) இப்போது குறைந்துவிட்டார்கள். எங்காவது கேட்டால் சன்னலைத் திறந்து பாருங்கள்.

மெதுவாகச் செரிப்பது, உப்புக் குறைவானது, புரதம் உள்ளது. சஹர்த் தட்டுக்கு இந்த மூன்றும் போதும். கைக்குத்தல் அரிசிச் சோறு ஒன்றரைக் கப்பு, பருப்பு அல்லது இரண்டு அவித்த முட்டை, ஒரு காய், கடைசியில் தயிர். சோறு இறங்காதவர்களுக்கு மூன்று இட்லியும் முட்டையும், அல்லது மோர் விட்டுக் கரைத்த கேழ்வரகுக் கூழ். முஸ்லிம் வீடுகளில் சஹரின் கடைசி உருண்டை பெரும்பாலும் பால் சோறுதான்: ஒரு கைப்பிடிச் சோற்றில் காய்ச்சிய பாலை ஊற்றி, பூவம்பழத்தைப் பிசைந்து, துளி சர்க்கரை. கேட்கும்போது சின்னப்பிள்ளைச் சாப்பாடு மாதிரித் தோன்றும். ஆனால் அந்த நேரத்தில் தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்குவது அது ஒன்றுதான். காரத்தையும் உப்பையும் அடக்கிவிட்டுப் போகும்.

கூடாதவற்றில் முதலிடம் கருவாட்டுக்கு. கடலூர்க்காரர்களுக்கு இது கசக்கும், ஆனாலும் முதல்நாள் மிஞ்சிய கருவாட்டுக் குழம்பைச் சஹரில் தொட்டால் காலை ஒன்பது மணிக்கே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஊறுகாய், அப்பளம், சிப்ஸ் எல்லாம் அதே சாதி. நோன்பு மாதத்தில் விடியும்வரை திறந்திருக்கும் ஓட்டல்களில் பரோட்டா சால்னா கூப்பிடும். மைதா, எண்ணெய், உப்பு மூன்றும் சேர்ந்தால் பத்து மணிக்கு ஏப்பம், பன்னிரண்டுக்குப் பசி, இரண்டுக்குத் தாகம். மாதத்தில் ஒரு நாள் கூட்டாளிகளோடு போகலாம், வழக்கமாக்க வேண்டாம்.

தண்ணீர்

ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடித்து வைத்துக்கொள்ள உடம்பில் தொட்டி கிடையாது. சஹரில் மடக்மடக்கென்று ஊற்றியது ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் கழிவறையில் போய்விடும், மதியம் பார்த்தால் குடிக்காதது போலவே இருக்கும். இரவு முழுக்கப் பிரித்துக் குடிப்பதுதான் நிற்கும். 200 மில்லி டம்ளர் கணக்கில் ஒரு திட்டம்: திறக்கும்போது மெதுவாக இரண்டு, ஏழரைக்கு ஒன்று, எட்டரையிலிருந்து ஒன்பதுக்குள் இரண்டு, படுக்குமுன் ஒன்று, நாலேகாலுக்கு எழுந்ததும் ஒன்று, சஹர் முடியுமுன் இரண்டு. ஒன்பது டம்ளர், 1.8 லிட்டர். நோன்புக் கஞ்சியும் மோரும் பழமும் சேர்ந்தால் இரண்டேகால் லிட்டரைத் தாண்டிவிடும். வெயிலில் அலைகிறவருக்கு இன்னும் இரண்டு டம்ளர் கூட வேண்டும். உப்பே இல்லாமலும் இருக்கக் கூடாது. வியர்வையில் போனதைத் திருப்ப ராத்திரி ஒரு டம்ளர் உப்பு மோரோ இளநீரோ போதும்.

போதுமான அளவு குடித்தோமா என்பதைச் சிறுநீர் சொல்லும். காலையில் வெளிர் மஞ்சளாக இருந்து மாலையில் கொஞ்சம் அடர்ந்தால் இயல்பு. மதியமே தேயிலைத் தண்ணீர் நிறத்தில் வந்தால் முந்தின இரவு குறைத்துவிட்டோம் என்று பொருள்.

பகல்

பதினொரு மணி வரை ஒன்றும் தெரியாது. சொல்லப்போனால் தலை லேசாக, வேலை நன்றாக ஓடும். அதனால் மூளைக்கு வேலை தரும் காரியங்களை எல்லாம் காலையில் போட்டுக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பசி ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் தானாகவே அடங்கிவிடும். வயிறு பழக்கத்துக்கு மணி அடித்ததுதான் அது. முடிந்தால் மதியத் தொழுகையான லுஹர் தாண்டி இருபது, முப்பது நிமிடம் கண்ணை மூடலாம். 'கைலூலா' என்று அதற்கே பெயர் இருக்கிறது. ஒரு மணி நேரம் தூங்கினால் எழும்போது தலை கனக்கும்.

கஷ்டம் மூன்றரையிலிருந்து ஐந்தரை. வாய் உலரும், நாற்றம் வரும், எரிச்சல் வரும். பக்கத்து மேசைக்காரர் சும்மா கேட்டதற்கும் வெடுக்கென்று பதில் போகும். நோன்பு வைத்தவர் சண்டை, பொய், புறம் பேசுதல் மூன்றையும் விட வேண்டும் என்பதும் நோன்பின் பகுதிதான். அது எவ்வளவு சிரமம் என்பது அந்த நேரத்தில்தான் தெரியும். முகம் கழுவலாம், பிடரியில் ஈரத்துணி வைக்கலாம். அதற்கு மேல் மருந்து இல்லை.

இந்த நேரத்தில் உண்மையான ஆபத்து வண்டி ஓட்டுவது. ஐந்தே முக்காலுக்கு வேலை முடிந்து, ஆறு இருபதுக்குள் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கவனம் குறைந்த தலையோடு பைக்கை முறுக்குவார்கள். தேவையே இல்லை. சட்டைப்பையில் மூன்று பேரீச்சம்பழமும் பையில் அரை லிட்டர்த் தண்ணீரும் இருந்தால் எங்கே நேரம் வருகிறதோ அங்கே ஓரமாக நிறுத்தித் திறக்கலாம். கடலூர்–புதுச்சேரி பேருந்தில் நேரம் வந்தால் பக்கத்தில் இருக்கும் பாய் நீங்கள் கேட்காமலேயே பழம் நீட்டுவார். வாங்கிக்கொள்ளுங்கள், மறுப்பதுதான் மரியாதைக் குறைவு.

உலைக்கூடம், கட்டட வேலை, துறைமுகத்தில் மீன் ஏற்றி இறக்கும் வேலை செய்கிறவர்கள் முதல் முயற்சியை விடுமுறை நாளில் வைத்துக்கொள்வது நல்லது. நிற்கும்போது கண் இருட்டுதல், நெஞ்சு படபடப்பு, கை நடுக்கத்தோடு குழப்பமான பேச்சு, எட்டு மணி நேரமாகச் சிறுநீரே வராதது ஆகியவற்றில் எது வந்தாலும் மணி ஐந்தரையே ஆகியிருந்தாலும் முறித்துவிட வேண்டும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை ஒரு லிட்டரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, நிழலில் படுக்க வேண்டும். அரை மணியில் தெளியவில்லை என்றால் மருத்துவமனை.

திறப்பதும் கஞ்சியும்

பேரீச்சம்பழம் ஒன்றோ மூன்றோ, தண்ணீர், அப்புறம் கஞ்சி என்று அந்த வரிசையில் அர்த்தம் இருக்கிறது. பழத்தின் சர்க்கரை வேகமாக ரத்தத்தில் ஏறும். பத்து நிமிடத்தில் தலைவலி இறங்கும். வயிறும் 'வந்துவிட்டது' என்று அறிந்து பரபரப்பை விடும். இந்தப் பத்து நிமிடத்தைத் தராமல் சமோசா, பஜ்ஜி, ஐஸ் போட்ட ரோஸ்மில்க் என்று பாய்கிறவர்களுக்கு ஏழு மணிக்கு நெஞ்செரிச்சல், எட்டுக்கு வயிறு உப்புசம். முஸ்லிம்கள் பழம் சாப்பிட்டுக் கொஞ்சம் கஞ்சி குடித்துவிட்டு மஃரிப் தொழப் போய்விடுகிறார்கள். அந்த இடைவெளி அவர்கள் வயிற்றுக்குத் தானாகவே கிடைக்கிறது. நாம் அதை வலிந்து உண்டாக்கிக்கொள்ள வேண்டும்: கஞ்சியோடு எழுந்து கால் மணி நேரம் திண்ணையிலோ மாடியிலோ நடக்கலாம். ராத்திரிச் சாப்பாடு எட்டுக்குப் பிறகு, வழக்கமாகச் சாப்பிடுவதில் முக்கால் பங்கு.

பள்ளிவாசல் கஞ்சிக்கு ஈடு கிடையாது. தமிழ்நாட்டில் 2001 முதல் இதற்கென்று அரசு பச்சரிசி தருகிறது. அஸர் தொழுகை முடிந்து நாலே முக்கால் வாக்கில் அண்டா திறப்பார்கள். யார் என்ன மதம் என்று யாரும் கேட்பதில்லை. தூக்குவாளி எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பையில் சூட்டோடு வாங்காதீர்கள். "பாய், ரெண்டு பேருக்கு" என்று ஆள் கணக்குச் சொன்னால் போதும். சைவம் என்றால் வரிசையில் நிற்கும்போதே "கறி போட்டதா பாய்?" என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் கைமா இருக்கும். சில இடங்களில் வெறும் காய்கறிக் கஞ்சி.

வீட்டில் நாலு பேருக்கு வைப்பதற்கு: பச்சரிசி நொய் 200 கிராம், பாசிப்பருப்பு 50 கிராம், வெந்தயம் ஒரு தேக்கரண்டி. மூன்றையும் கழுவி அரை மணி நேரம் ஊற வைக்க வேண்டும். முழு அரிசிதான் இருக்கிறது என்றால் மிக்ஸியில் இரண்டு சுற்று விட்டு உடைத்துக்கொள்ளலாம். குக்கரில் இரண்டு கரண்டி எண்ணெய் ஊற்றி ஒரு துண்டுப் பட்டை, இரண்டு கிராம்பு, இரண்டு ஏலக்காய், பதினைந்து சின்ன வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய் வதக்கி, இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி போட்டுப் பச்சை வாசனை போகக் கிளற வேண்டும். ஒரு தக்காளி, ஒரு கேரட், கைப்பிடி புதினா மல்லி, கால் கரண்டி மஞ்சள்தூள். அசைவம் என்றால் 100 கிராம் கைமா இந்தக் கட்டத்தில் சேர வேண்டும். பிறகு அரிசி பருப்பு, 1.6 லிட்டர் தண்ணீர், அளவாக உப்பு. நன்றாகக் கொதி வந்ததும் மேலே திரளும் நுரையை எடுத்துவிட்டு மூடி, சிறு தீயில் ஐந்தாறு விசில்.

மூன்று லிட்டர் குக்கரில் வைத்தால் நொய்யும் நுரையும் விசில் வழியாகப் பீய்ச்சி அடிக்கும், துளை அடைத்துக்கொள்ளும். ஐந்து லிட்டர் வேண்டும், அதிலும் பாதிக்கு மேல் போகக் கூடாது. ஆவி தானாக அடங்கியபின் திறந்து, மத்தால் லேசாக மசித்து, தீயை அணைத்துவிட்டு ஒரு டம்ளர் தேங்காய்ப்பால். கொதிக்கும்போது ஊற்றினால் பால் திரிந்து எண்ணெய் தனியே மிதக்கும். வெந்தயம் கசக்குமே என்று குறைக்காதீர்கள், ஒரு தேக்கரண்டிவரை கசப்பு தெரியாது. இரண்டானால் யாரும் குடிக்க மாட்டார்கள். ஐந்து மணிக்குச் சரியான பதத்தில் இருந்தது ஆறேகாலுக்குக் களி மாதிரி இறுகிவிடும். அரை லிட்டர் வெந்நீர் பக்கத்தில் இருக்கட்டும்; பச்சைத் தண்ணீர் விட்டு இளக்கினால் ருசியே போய்விடும்.

கிண்ணத்தில் ஊற்றிப் பருப்பு வடை ஒன்றைப் பிட்டு மிதக்க விட்டு, அது ஊறி ஓரம் மென்மையாகி நடு மொறுமொறுப்பு மிஞ்சியிருக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் கரண்டி போட வேண்டும். புதினாச் சட்னி ஒரு சொட்டு. கடற்பாசி காய்ச்சி இளநீரில் உறைய வைத்த துண்டு இரண்டு இருந்தால் வயிற்றுக்குக் குளிர்ச்சி. எண்ணெய்ப் பலகாரம் மொத்தமே இரண்டு போதும். நோன்பு வைத்தால் எடை குறையும் என்று நம்பி வருகிறவர்கள் மாதக் கடைசியில் இரண்டு கிலோ ஏறி நிற்பது இந்தத் தட்டினால்தான்.

அழைப்பு வந்தால்

இஃப்தாருக்கு யாராவது கூப்பிட்டால் கால் மணி முன்னால் போய்விடுங்கள். பாங்கு சொன்ன பிறகு நுழைந்தால் எல்லார் வாயிலும் பழம் இருக்கும், எழுந்து வரவேற்க முடியாமல் சங்கடப்படுவார்கள். பாயில் தட்டு வைத்துக் காத்திருப்பார்கள்; பாங்கு வரும்வரை கை வைக்கக் கூடாது. கடைசி ஐந்து நிமிடம் துஆ (இறைவேண்டல்) கேட்கும் நேரம், பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் தனியாக உட்காரும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. வெறுங்கையோடு போக வேண்டாம் என்றால் பழம் வாங்கிப் போகலாம். திறந்தபின் அவர்கள் தொழப் போவார்கள். நீங்கள் உட்கார்ந்தபடி கஞ்சியைத் தொடரலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். "நானும் இன்னிக்கு நோன்பு" என்று முதலிலேயே அறிவிக்காமல், கேட்டால் சொல்லுங்கள். சொன்னதும் உங்கள் தட்டில் வடை எண்ணிக்கை கூடும், அதற்கும் தயாராக இருங்கள்.

ஒரு நாளா, மாதமா

முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிறகு சேர்ந்தாற்போல் மூன்று. மூன்றாவது நாள் தாண்டினால் பசியும் தலைவலியும் ஒதுங்கிவிடும். மாதம் முழுக்க வைக்கிறவர்களைச் சாய்ப்பது பசி கிடையாது, இரண்டாம் வாரத்தில் சேரும் தூக்கக் கடன்தான். இரவு பதினொன்றரைக்குப் படுத்து நாலுக்கு எழுந்தால் எத்தனை நாள் தாங்கும்? ரமலானின் இரவுத் தொழுகையான தராவீஹ் தொழுகிறவர்கள் பத்து மணிக்கு வீடு திரும்புகிறார்கள். தொழுகை இல்லாத நாம் ஒன்பதரைக்கே படுக்கலாம், ஆனால் படுப்பதில்லை, கைபேசி விடுவதில்லை. விடிய விடியத் தொழுகை நடக்கும் இருபத்தேழாம் இரவில் பள்ளிவாசல் பக்கம் குடியிருப்பவர்களுக்கு எப்படியும் தூக்கம் இருக்காது. ஏதாவது ஒரு நாள் நோன்பை விடுவதானால் அந்த இரவுக்கு அடுத்த பகலை விடலாம்.

முப்பது நாள் என்று எண்ணி வைத்திருப்பவருக்கு ஒரு செய்தி: இருபத்தொன்பதாம் நாள் மாலை பிறை தெரிந்தால் அதோடு மாதம் முடிந்தது. அறிவிப்பு வர இரவாகிவிடும். சஹருக்கு ஊற வைத்த அரிசியை மறுநாள் மதியத்துக்கு மாற்ற வேண்டியதுதான். பெருநாள் காலையில் ஒரு மாதமாகக் காலை உணவைப் பார்க்காத வயிற்றுக்கு இரண்டு இட்லிக்கு மேல் கொடுக்காதீர்கள். பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து பிரியாணி வாளி வரும்.